‘செக்’ என்ற சொல்லின் வேரைத் தேடி: சொல்லாராய்ச்சிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வங்கியில் கொடுக்கும் காசோலை செக். மாநில எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடம் செக்போஸ்ட். கட்டம் போட்ட சட்டை செக்டு சட்டை. சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவைத் தாக்கினால் ‘செக்’ என்று சொல்கிறோம். ஓடையின் குறுக்கே எழுப்பும் தடுப்பணையைப் பொறியாளர்கள் செக் டேம் என்கிறார்கள். கணக்கு சரியா என்று பார்ப்பதும் செக் செய்வதுதான்.

இவையெல்லாம் ஒரே சொல்லா? அல்லது ஒன்றுபோல் ஒலிக்கும் வேறு வேறு சொற்களா? ஒரே சொல் என்றால் சதுரங்க ராஜாவுக்கும் காசோலைக்கும் என்ன உறவு? இதற்கான விடையை நீங்களே தேடிப் பிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். செக் ஒரு மாதிரி. இதே முறையில் எந்த ஆங்கிலச் சொல்லின் வரலாற்றையும் தேடலாம். மொழியியல் பட்டம் வேண்டாம். ஒரு நோட்டு, இணைய வசதி, கொஞ்சம் பொறுமை போதும். இவற்றோடு, அழகான கதையைக் கேட்ட உடனே நம்பிவிடாத மனமும் வேண்டும். இந்த வேலையில் ஆகக் கடினமானது இந்தக் கடைசித் தேவைதான்.

படி 1: அகராதியைத் திறக்கும் முன் பொருள்களைக் கொட்டிவிடுங்கள்

சொல்லைத் தாளின் நடுவில் எழுதி, அது வரும் இடங்களையெல்லாம் சுற்றிலும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் இருக்கட்டும். பொருளை மட்டும் குறித்து வைத்தால் பிறகு குழப்பம் வரும். வாக்கியமாக எழுதினால் அது பெயரா, வினையா, யார் யாரிடம் எந்த இடத்தில் சொல்வது என்பதும் உடன் வந்துவிடும். பிரிட்டிஷ் வழக்கோடு அமெரிக்க வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் கேட்டு வாங்கும் பில்லும் செக்தான். விண்ணப்பத்தில் நாம் போடும் டிக் அவர்களுக்கு செக் மார்க். விமானத்தில் ஏறும் முன் ஒப்படைக்கும் பெட்டி செக்டு பேக்கேஜ்.

பிறகு குழு பிரியுங்கள். செக்கில் எனக்கு ஐந்து குழுக்கள் தெரிகின்றன: சதுரங்கம், தடுத்து நிறுத்துதல், சரிபார்த்தல், பணம் தொடர்பான தாள், கட்டம் போட்ட வடிவம். ஓடும் நீரின் வேகத்தை மட்டுப்படுத்தும் செக் டேம் இரண்டாவது குழுவில் அமர்ந்துவிடும். ஆனால் செக்போஸ்ட்டை எங்கே வைப்பது? அது வண்டியை நிறுத்துகிறது, உள்ளே இருப்பதைச் சரிபார்க்கவும் செய்கிறது. இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும் உதாரணங்களுக்கு அடிக்கோடு இடுங்கள். ஒரு பொருள் இன்னொன்றாக மாறிய இடத்தைப் பெரும்பாலும் இவைதான் காட்டிக்கொடுக்கும்.

படி 2: ஒரு சொல்லா, பல சொல்லா என்று பாருங்கள்

நல்ல அகராதி எதுவானாலும், ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட வெவ்வேறு சொற்களுக்குத் தனித்தனி எண் கொடுக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலும் இந்த முறை உண்டு. எண் வேறுபட்டால் அவற்றை வேறு சொற்களாகவே அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள் என்று பொருள். சில சமயம் வேர் ஒன்றாக இருந்தும் வந்த வழி வேறு என்பதால் பிரித்திருப்பார்கள். அதனால் எண்ணைப் பார்த்ததோடு நிற்காமல் ஒவ்வொன்றின் வரலாற்றுக் குறிப்பையும் படியுங்கள்.

செக் குடியரசின் ‘செக்’ நம் சொல்லோடு எந்த உறவும் இல்லாத ஒரு ஸ்லாவிய இனப்பெயர். அதை உடனே ஒதுக்கிவிடலாம். ‘செக்மேட்’ என்பதன் இரண்டாம் பாதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நண்பனைக் குறிக்கும் ‘மேட்’ ஜெர்மானிய வழி வந்தது. உணவைப் பகிர்ந்து உண்பவன் என்பது அதன் அடிப்படை. சதுரங்கத்தின் ‘மேட்’ வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

படி 3: கருவிகளைத் திரட்டுங்கள்

ஆங்கிலச் சொல் வரலாற்றுக்கு முதன்மையான நூல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. அதன் முதல் பகுதி 1884இல் வெளிவந்தது. முழுமை பெற 1928 வரை ஆனது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தைச் சிறு தாளில் எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தாள்களின் மேல்தான் அகராதி நிற்கிறது. அதனால் அதில் பொருள்கள் கால வரிசையில் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு மேற்கோள் இருக்கும். சந்தா கட்டித்தான் முழுமையாகப் பார்க்க முடியும் என்பதால், உங்கள் கல்லூரி நூலகத்தில் வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இலவசமாகத் தொடங்க டக்ளஸ் ஹார்ப்பர் நடத்திவரும் இணையச் சொற்பிறப்பு அகராதி வசதியானது. ஒரு சொல்லின் கதையை ஒரே பத்தியில் தந்துவிடும். அதைப் படமாக மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் சரிபாருங்கள். 1100 முதல் 1500 வரையிலான ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி இருக்கிறது, அதுவும் இலவசம். விக்சனரி பிறமொழி உறவுச் சொற்களை ஒரே இடத்தில் காட்டும். ஆனால் யாரும் திருத்தக்கூடிய இடம் என்பதால் அதை மட்டும் நம்பி எதையும் எழுத வேண்டாம்.

இந்தியாவோடு தொடர்புள்ள சொல் என்றால் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த, இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களின் அகராதியான ஹாப்ஸன்-ஜாப்ஸனைப் பாருங்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளை ஆழமாகக் கற்றவர். அதன் வேர் விளக்கங்கள் சில இன்று செல்லாது. அதில் திரட்டியிருக்கும் பழைய மேற்கோள்களுக்கு இன்றும் மதிப்பு உண்டு. தமிழ்ப் பக்கத்துக்குப் பேரகராதியும், பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் போதும். இரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

ஒன்றை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அகராதி தரும் ‘முதல் ஆண்டு’ அந்தச் சொல் பிறந்த ஆண்டாகாது. எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் ஆண்டுதான் அது. மக்கள் வாயில் அதற்கு முன்பே பல தலைமுறை புழங்கியிருக்கலாம்.

படி 4: குறிகளைப் படிக்கப் பழகுங்கள்

இதற்கு அதிக நேரம் ஆகாது. பழைய ஆங்கிலம், இடைக்கால ஆங்கிலம், பழைய பிரெஞ்சு, லத்தீன் ஆகியவற்றுக்கு அகராதியின் முன்பக்கத்தில் சுருக்கக் குறிகள் இருக்கும். இடப்பக்கம் கூர்முனை காட்டும் அம்புக்குறி ‘இதிலிருந்து வந்தது’ என்பதைக் குறிக்கும். ஒரு வடிவத்தின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைக்காதது; உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கியது. நட்சத்திரத்தைப் பார்த்தும் அதைக் கிடைத்த சான்றுபோல எடுத்துச் சொல்வது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. ‘கூடும்’, ‘ஒருவேளை’ போன்ற சொற்களையும் விட்டுவிடாமல் நோட்டில் எழுதுங்கள். அகராதி ஆசிரியர் யோசித்து, தயங்கி எழுதிய சொற்கள் அவை.

படி 5: பின்னோக்கி நடந்து பாருங்கள்

இப்போது செக்கின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்போம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நின்று, ஒலி எப்படி மாறியது, யார் வழியாக வந்தது என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டிலேயே சதுரங்கச் சொல்லாகப் புழங்குகிறது. கவிஞர் சாஸர், 1368இல் இறந்த பிளாஞ்ச் என்ற சீமாட்டியின் நினைவாக ஒரு கவிதை எழுதினார். அதில் மனைவியை இழந்து வருந்தும் வீரன், விதி தன்னோடு சதுரங்கம் ஆடித் தன்னைத் தோற்கடித்துவிட்டதாகப் புலம்புகிறான். விதி அவனைப் பார்த்து ‘செக்’ என்கிறது, பலகையின் நடுவில் ‘மாட்’ என்கிறது. பலகைக்கு அங்கே வரும் சொல் ‘செக்கர்’. பின்னால் நமக்குத் தேவைப்படும் மூன்று சொற்கள் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன. இப்படி ஒரு மேற்கோள் கையில் கிடைத்தால் அதை நோட்டின் தலைப்பில் எழுதி வையுங்கள்.

சாஸரின் ஆங்கிலத்துக்கு இந்தச் சொல்லைத் தந்தது பழைய பிரெஞ்சு. அங்கே இதன் வடிவம் ‘எஸ்செக்’. முன்னால் ‘எ’ எப்படி வந்தது? பழைய பிரெஞ்சு பேசியவர்களுக்கு ‘ஸ்’ஸோடு இன்னொரு மெய் சேர்ந்து சொல்லின் தொடக்கத்தில் வந்தால் நாக்கு ஒத்துழைக்காது. நம் ஊரில் ஸ்கூலை ‘இஸ்கூல்’ என்று சொல்வதைப் போல அவர்கள் முன்னால் ஓர் ‘எ’ சேர்த்துக்கொண்டார்கள். பள்ளியைக் குறிக்கும் லத்தீன் ‘ஸ்கோலா’ அங்கே ‘எஸ்கோலே’ ஆனது இப்படித்தான். ஆங்கிலம் அந்த ‘எ’யைப் பல சொற்களில் உதிர்த்துவிட்டது, சிலவற்றில் இரண்டு வடிவத்தையும் வைத்துக்கொண்டது. ஸ்பெஷல், எஸ்பெஷல்; ஸ்டேட், எஸ்டேட் என்று இன்றும் இரட்டையாக நிற்கும் சொற்களைப் பாருங்கள். ‘எஸ்செக்’ தலையை இழந்து ‘செக்’ ஆனதில் வியப்பு இல்லை. அதே சொல்லின் பன்மை ‘எஸ்செஸ்’; அதுவே ‘செஸ்’ ஆனது. ஆக, செஸ் என்றால் செக்குகள்.

பிரெஞ்சுக்கு முன்னால் இடைக்கால லத்தீன் ‘ஸ்காக்குஸ்’. சுவிட்சர்லாந்தின் ஐன்ஸீடெல்ன் மடத்துச் சுவடி ஒன்றில், 10ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த லத்தீன் செய்யுள் சதுரங்கத்தை விளக்குகிறது. அங்கே இந்தச் சொல் வருகிறது. லத்தீனில் ‘கா’ என்று இருந்தது பிரெஞ்சில் ‘செ’ ஆனது தற்செயலாக நடந்ததில்லை. ‘கா’வில் தொடங்கும் லத்தீன் சொற்கள் பல பிரெஞ்சில் இதே பாதையில்தான் போயின, கோட்டையைக் குறிக்கும் ‘காஸ்டெல்லும்’ இன்று ‘ஷாத்தோ’. ஒரே மாற்றம் பல சொற்களில் ஒழுங்காக நடந்திருப்பதைக் காட்ட முடிந்தால் அந்தக் கண்ணி உறுதியானது.

லத்தீன்காரர்கள் அரபு மொழியினரிடமிருந்து பெற்றது ‘ஷாஹ்’. கடைசியில் வரும் மூச்சொலி லத்தீன் வாயில் ‘க்’காக ஒலித்தது. அரபியர்கள் பாரசீகத்திலிருந்து ஆட்டத்தையும் சொல்லையும் சேர்த்தே எடுத்தார்கள். பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். ராஜாவைத் தாக்கும்போது ‘ஷா!’ என்று எச்சரிப்பது ஆட்டத்தின் மரபு. நாம் இன்று ‘செக்’ என்று சொல்லும்போது உண்மையில் ‘ராஜா!’ என்றுதான் கூவுகிறோம்.

இன்னும் பின்னால் போகலாம். ஈரானின் பெஹிஸ்தூன் மலைப்பாறையில், கி.மு. 520ஐ ஒட்டி முதலாம் டேரியஸ் தன்னை அரசர்க்கு அரசன் என்று பொறித்துக்கொண்டான். அங்கே அரசனுக்கு வரும் பழைய பாரசீகச் சொல் ‘க்ஷாயதிய’. ‘ஷா’ அதன் தேய்ந்த வடிவம். ஆளுதல் என்ற பொருளுடைய அந்த வேர் சமஸ்கிருதத்திலும் உண்டு. க்ஷத்ரம், க்ஷத்ரியன் ஆகியவை அங்கே அதன் பிள்ளைகள். செக்கும் சத்திரியனும் தூரத்து உறவு. காதால் கேட்டு ஒருவரும் இதை ஊகிக்க முடியாது. கண்ணி கண்ணியாக நடந்தவர்களுக்குத்தான் இது தெரியும்.

‘மேட்’ பற்றி இரண்டு கருத்து உண்டு. அரபியில் ‘மாத்த’ என்றால் ‘இறந்தான்’. அதனால் ராஜா இறந்தான் என்று பலர் விளக்குகிறார்கள். பாரசீக ‘மாத்’ செய்வதறியாது திகைத்து நிற்கும் நிலையைக் குறிக்கும். எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. சதுரங்கத்தில் மற்றக் காய்களை வெட்டலாம், ராஜாவை ஒருபோதும் வெட்டுவதில்லை. போக இடமில்லாமல் அவன் நிற்பதோடு ஆட்டம் முடிகிறது.

ஒரு சிறு கிளைப்பாதை. ஆட்டம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போனது. யானை, தேர், குதிரை, காலாள் என்ற நான்கு அங்கப் படையைக் குறித்த சமஸ்கிருதச் ‘சதுரங்க’ அங்கே ‘சத்ரங்’ ஆகி, அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. ஸ்பானியர்கள் அரசனின் பெயரை விட்டுவிட்டு இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ‘அஹெத்ரேத்’ நம் சதுரங்கத்தின் உடன்பிறப்பு. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் எல்லாம் ‘ஷா’ பக்கம் போயின. ஒரே பொருள் பயணம் செய்தாலும் எல்லா ஊரிலும் ஒரே சொல் இறங்குவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

படி 6: அங்கிருந்து முன்னோக்கித் திரும்புங்கள்

வேரைக் கண்டதும் வேலை முடிந்ததாகப் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு இந்தத் திரும்பும் பயணம்தான் மிகவும் பிடிக்கும். சொல்லின் ஒலி எப்படி வந்தது என்று முந்தைய படியில் பார்த்தோம். அதன் பொருள் எப்படி வளர்ந்தது என்பதை இங்கேதான் பார்க்க முடியும்.

செக் சொன்னதும் எதிராளியின் மற்றத் திட்டங்களெல்லாம் அப்படியே நின்றுவிடுகின்றன. ராஜாவைக் காப்பாற்றாமல் வேறு காயை நகர்த்த முடியாது. ‘திடீரென்று நிறுத்துதல்’, ‘கட்டுப்படுத்துதல்’ என்ற பொருள் இங்கிருந்து 14ஆம் நூற்றாண்டிலேயே கிளைத்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகத்தில், கண்மண் தெரியாத அவசரத்தை அடக்கும்படி அரசனிடம் கென்ட் பிரபு கெஞ்சும்போது செக் என்ற வினையைத்தான் சொல்கிறார். கட்டுப்படுத்த வேண்டுமென்றால் கண்காணிக்க வேண்டும், கண்காணிப்பதென்றால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘சரிபார்த்தல்’ என்ற பொருள் வந்து சேர்கிறது. அடிக்கோடு போட்டு வைத்த செக்போஸ்ட்டை இப்போது எடுத்துப் பாருங்கள். நிறுத்துவதும் சரிபார்ப்பதும் அங்கே இன்னும் பிரியாமல் நிற்கின்றன.

சரிபார்த்தலிலிருந்து பணத்துக்கு ஒரே எட்டு. பணம் கொடுக்கச் சொல்லி எழுதிய தாளில் மோசடி நடக்காமலிருக்க, அதன் ஒரு துண்டைக் கொடுத்தவரே வைத்துக்கொள்வார். பின்னர் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்று பெயர் பெற்றது அந்தத் துண்டு. நூற்றாண்டு முடிவதற்குள் பெயர் முழுத் தாளுக்கும் தாவிவிட்டது. இங்கே பொருளையும் சொல்லையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். இங்கிலாந்தில் இன்று கிடைக்கும் மிகப் பழைய காசோலைகளில் ஒன்று 1659ஆம் ஆண்டு தேதியிட்டது. 400 பவுனுக்கு எழுதியது. அதை எழுதியவர் அதை செக் என்று சொல்லியிருக்க மாட்டார். தாள் முதலில் வந்தது, பெயர் பின்னால் வந்தது. ‘இந்தப் பொருள் அந்தக் காலத்திலேயே இருந்தது, ஆகவே சொல்லும் இருந்தது’ என்று யாராவது வாதாடினால் இந்தத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் காசோலையை இன்றும் மற்ற செக்கைப் போலவே எழுதுகிறார்கள். பிரிட்டனும் இந்தியாவும் கனடாவும் கடைசியில் ‘க்யூ, யூ, இ’ போட்டு எழுதுகின்றன. அந்த க்யூ வந்த கதை இந்தச் சொல்லின் இன்னொரு கிளையில் இருக்கிறது.

லத்தீன் ‘ஸ்காக்குஸ்’ஸிலிருந்து ‘ஸ்காக்காரியம்’ என்று சதுரங்கப் பலகைக்குப் பெயர் வந்தது. நார்மன் அரசர்கள் காலத்தில் இங்கிலாந்தின் வரவு செலவைத் தணிக்கை செய்த அவைக்கும் அதே பெயர். ஏன் என்பதை இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170களின் இறுதியில் எழுதத் தொடங்கிய உரையாடல் நூலில் விளக்குகிறார். சுமார் பத்து அடி நீளமும் ஐந்து அடி அகலமும் உள்ள மேசை. காசு உருண்டு விழாமலிருக்க நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் ஓடும் கறுப்புத் துணி. கோட்டுக்குக் கோடு ஓர் அடி அல்லது ஒரு சாண் இடைவெளி. பென்னி, ஷில்லிங், பவுன், இருபது, நூறு, ஆயிரம் என்று பத்தி பத்தியாக வில்லைகளை அடுக்கிக் கணக்குப் போடுவார்கள். ரோமன் எண்களைத் தாளில் எழுதிக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. மேசையில் வில்லைகளை நகர்த்தினால் எழுதப் படிக்கத் தெரியாத அதிகாரியும் தன் கணக்கைக் கண்ணால் பார்க்கலாம். மாவட்டங்களிலிருந்து வரி கொண்டுவந்த ஷெரீஃபுகள் ஒரு பக்கம், பொருளாளர் மறுபக்கம். சதுரங்கத்தில் இரு அரசர் மோதுவதுபோல் இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். எண்ணூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர், தான் பணியாற்றிய அவையின் பெயருக்கு வேர் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! சொல் தேடுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது.

அந்த அவை ஆங்கிலத்தில் எக்ஸ்செக்கர். பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் எக்ஸ்செக்கரின் சான்சலர் என்றே பட்டம். பழைய பிரெஞ்சின் ‘எஸ்’ஸை லத்தீன் ‘எக்ஸ்’ என்று தவறாக எண்ணிய எழுத்தர்கள் அந்த ‘க்’கை நுழைத்தார்கள். பணம், அரசு, கணக்கு என்ற சூழல் ஒத்திருந்ததால் காசோலையைக் குறித்த செக்கும் எக்ஸ்செக்கரின் எழுத்துக்கூட்டலை ஒட்டி க்யூ பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் அது நிலைத்துவிட்டது. நம் நாட்டில் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அந்த வடிவத்தையே வைத்திருக்கிறது.

கட்டம் போட்ட துணிக்கும் அதே பலகைதான் தாய். சென்னையைச் சுற்றி நெய்து உலகெங்கும் போன கட்டம் போட்ட பருத்தித் துணியை அமெரிக்கர்கள் ‘மெட்ராஸ்’ என்றே அழைக்கிறார்கள். போர்ச்சுகீசிய மொழியில் சதுரங்கத்தின் பெயரான ‘ஷத்ரேஸ்’ கட்டம் போட்ட துணியையும் குறிக்கும். சொல் வேறு, பலகை ஒன்று. இரண்டு மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

ஐந்து குழுக்களும் ஒரே மரத்தில் அமர்ந்துவிட்டன.

படி 7: பொய் வேர்களைச் சோதியுங்கள்

நம் தமிழ் வாசகர்களுக்கு மிகவும் தேவையான படி இது. தாய்மொழிமேல் உள்ள அன்பு நம்மை வழுக்கி விழவைக்கும் இடமும் இதுதான். இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றனவா? உறவு என்று அறிவிக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இரண்டையும் எவ்வளவு பின்னால் கொண்டுபோக முடிகிறதோ அவ்வளவு பழைய வடிவத்திலும் ஒற்றுமை இருக்கிறதா? ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் போன வழியும் காலமும் காட்ட முடிகிறதா? அதே ஒலி மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா?

ஆங்கில எட்டும் தமிழ் எட்டும் ஒன்று என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘எய்ட்’. அதன் உறவுச் சொற்கள் ஜெர்மனில் ‘ஆஹ்ட்’, லத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. இரவைக் குறிக்கும் ‘நைட்’டும் ஜெர்மனில் ‘நாஹ்ட்’, லத்தீனில் ‘நோக்ட்’ என்று இதே ஒழுங்கில் போகிறது. அந்தப் பக்கம் பின்னால் போகப் போக ‘க்’ தெளிவாகிறது. தமிழ்ப் பக்கம் போனால்? எண்பது, எண்ணூறு, எண்கோணம் என்ற சொற்களில் பழைய வடிவம் ‘எண்’ என்று தானே வெளிவருகிறது. கன்னடத்தில் ‘எண்ட்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. பின்னால் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவு இல்லை. செக்கும் சத்திரியனும் கேட்பதற்கு ஒட்டவே ஒட்டாது, ஆனால் உறவு. எய்ட்டும் எட்டும் அச்சாக ஒட்டும், ஆனால் உறவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

காசும் கேஷும் இன்னும் நுட்பமான வழக்கு. பணத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கேஷ், பெட்டியைக் குறிக்கும் இத்தாலிய ‘காஸ்ஸா’விலிருந்து பிரெஞ்சு வழி வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு; தென்னிந்தியாவிலும் சீனத்திலும் புழங்கிய சிறு நாணயத்துக்குப் பெயர். அது போர்ச்சுகீசியர் வழியாக நம் காசிலிருந்தே போனது. அகராதிகள் இரண்டுக்கும் தனி எண் கொடுத்திருக்கின்றன. தமிழ் ஆங்கிலத்துக்கு ஒரு கேஷைத் தந்திருக்கிறது என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். ஆனால் ஏடிஎம்மில் எடுக்கும் கேஷ் அது இல்லை. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று ஆங்கிலத்துக்கு நாம் உறுதியாகக் கொடுத்த சொற்கள் இருக்கும்போது, இல்லாததையும் சேர்த்துக் கொடுத்தால் உண்மையானவற்றின் மீதும் சந்தேகம் விழும். அதுதான் என் வருத்தம்.

காசோலை செக்குக்கும் ஒரு போட்டிக் கதை உண்டு. அரபியில் பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் ஆவணம் ‘ஸக்’, பாரசீகத்தில் ‘சக்’. இடைக்கால இஸ்லாமிய வணிகர்கள் அதைப் பயன்படுத்தினார்கள் என்பது வரலாறு. ஆங்கிலச் செக் அதிலிருந்து வந்தது என்பது பரவலான கூற்று. இரண்டாவது கேள்வியில் இது தடுக்கி விழுகிறது. ஆங்கிலத்தில் சரிபார்க்கும் துண்டாகத்தான் இந்தப் பெயர் முதலில் தோன்றுகிறது. அதற்கு முந்தைய ஒவ்வொரு பொருளும் ஆங்கிலத்துக்குள்ளேயே ஆண்டோடு கிடைக்கிறது. 1659இல் தாளே இருந்தும் அதற்கு அந்தப் பெயர் இல்லை. வெளியிலிருந்து பெயர் வந்து இறங்கிய தடம் இல்லை.

படி 8: கண்டதை எழுதி வையுங்கள்

ஒரே பக்கம் போதும். மேலே வேர்ச் சங்கிலி, கண்ணிக்குக் கண்ணி மொழியும் நூற்றாண்டும். கீழே பொருள்களின் கிளைகள். உறுதியானவற்றுக்கு முழுக் கோடு, ‘கூடும்’ என்று அகராதி சொன்னவற்றுக்குப் புள்ளிக் கோடு. நீங்கள் தள்ளிய கதைகளையும் ஓரத்தில் காரணத்தோடு எழுதுங்கள். நாளை யாராவது அதே கதையோடு வருவார்கள். வேரைக் கண்டதும் ‘இதுதான் உண்மையான பொருள்’ என்று பிறரைத் திருத்தப் போக வேண்டாம். செக்கின் இன்றைய பொருளை இன்று அதைப் பேசுபவர்கள் தீர்மானிக்கிறார்கள், டேரியஸ் தீர்மானிப்பதில்லை.

அடுத்த பயிற்சிக்கு ‘நைஸ்’ நல்ல சொல். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’, அறியாதவன் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தில் இறங்கியபோது அது முட்டாளைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிமையான’ என்ற பொருள் பரவியது. நடுவில் ‘நுண்ணிய, துல்லியமான’ என்ற ஒரு நிறுத்தம் உண்டு. அந்தப் பொருளில் வரும் மேற்கோள்களை முதலில் தேடிப் பிடியுங்கள், மற்றது தானே அவிழும். அது முடிந்ததும், நம் வீடுகளில் மாவை ‘நைஸாக’ அரைக்கச் சொல்கிறோமே, அந்த நைஸை எடுங்கள். ஆங்கிலத்தின் நுண்மையா, நம் ‘நைதல்’ என்ற வினையா, இரண்டும் கலந்ததா? பேரகராதியில் நைதலையும் ஆங்கில அகராதியில் நைஸின் நடுப் பொருளையும் அருகருகே எழுதி, மூன்று கேள்விகளையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.